கோடும் வரையும்

‘ஸ்கைலைன்’ என்பதற்குத் தமிழில் ஒரு நல்ல சொல் வேண்டும் என்று என்னுடைய பழைய மாணவர் ஒருவர் அண்மையில் கேட்டிருந்தார். இளநிலைக் கணினி அறிவியல் படித்த காலத்தில் பகுதி ஒன்று தமிழ் வகுப்பில் என்னிடம் பயின்றவர். இப்போது அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் மேடிசன் நகரில் வசிக்கிறார். தம் நகரத்தைப் பற்றி அங்குள்ள தமிழர்களின் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருந்தபோது இந்தச் சொல்லில் தடுக்கி நின்றுவிட்டாராம். ‘வான்விளிம்பு’ என்றால் அடிவானம் என்ற பொருள் வந்துவிடுகிறது, ‘வானளாவிய கட்டடங்களின் வரிசை’ என்றால் மூச்சு வாங்குகிறது, என்ன செய்யலாம் ஐயா என்று எழுதியிருந்தார்.

நான் ‘வான்கோடு’ என்று எழுதி அனுப்பினேன். அனுப்பிய பிறகுதான் அந்தச் சொல்லைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தேன். கோடு என்றால் இழுக்கும் கோடு. ஆனால் பழந்தமிழில் கோடு என்றால் மலைச்சிகரமும்கூட. எங்கள் பக்கத்துத் திருச்செங்கோட்டின் பெயரில் இருப்பது அந்தக் கோடுதான். வேறு சொல் ஏதும் கிடைக்குமா என்று தேடினால் ‘வரை’ கிடைக்கிறது. அதற்கும் மலை என்று பொருள், கோடு என்று பொருள், எல்லை என்றும் பொருள். வரைதல் என்றால் எழுதுதல், சித்திரம் தீட்டுதல். வானத்தின் அடியில் ஒரு கோடு கிழிக்கப்பட்டிருப்பதைச் சொல்ல முயலும்போதெல்லாம் தமிழ் நம்மை மலைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறது. இந்த மொழியைப் பேசியவர்களுக்கு வானத்தின் விளிம்பில் கோடு கிழித்தது மலைதான் போலும். திவாகரமும் பிங்கலமும் மலைக்குத் தரும் பெயர்ப்பட்டியல் நீளமானது. வெற்பு, பொருப்பு, ஓங்கல், சிலம்பு, பொறை என்று போகிறது அது. சங்கப் பாடல்களில் மலைச்சரிவைக் குறிக்கும் ‘அடுக்கம்’ என்ற சொல்லுக்கு மிக அருகில் நின்றுதான் இன்று நாம் ‘அடுக்ககம்’ என்று அபார்ட்மென்ட்டுக்குப் பெயர் வைத்திருக்கிறோம். ஓர் எழுத்துதான் கூடியிருக்கிறது.

இந்தக் கட்டுரை அந்த ஓர் எழுத்தைப் பற்றியது என்று சொல்லலாம்.

*

மேடிசன் பெரிய நகரமல்ல. 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை இரண்டு லட்சத்து எழுபதாயிரத்தை ஒட்டி வருகிறது. எங்கள் சேலம் மாநகராட்சியில் 2011லேயே எட்டு லட்சத்துக்கு மேல். இரண்டு ஏரிகளுக்கு நடுவே உள்ள ஒடுங்கிய நிலத்தில் அந்நகரம் அமைந்திருக்கிறது. நடுவில் ஒரு மேட்டின்மீது மாநிலச் சட்டமன்றக் கட்டடம். 1917ல் கட்டி முடிக்கப்பட்ட அதன் வெண்ணிறக் குவிமாடம் 284 அடி உயரம். அமெரிக்க அளவில் அது ஓர் உயரமே அல்ல. ஆனாலும் நகரத்தின் மையத்தில் அதைத் தாண்டி வேறெதுவும் எழவில்லை. காரணம் ஒரு விதி. அக்கட்டடத்திலிருந்து ஒரு மைல் தொலைவுக்குள் கட்டப்படும் எந்தக் கட்டடமும் குவிமாடத்தைச் சுற்றியிருக்கும் தூண்களின் அடிமட்டத்தைத் தாண்டக்கூடாது. 1966ல் நகர விதியாக வந்த இது 1990ல் மாநிலச் சட்டமாகவும் ஆனது. இந்த வரம்பினால் நகர மையத்தில் வீடுகள் குறைகின்றன, வாடகை ஏறுகிறது என்று குறைப்படுவோரும் அங்கே உண்டு. அந்தக் குறையில் நியாயம் இல்லாமலும் இல்லை.

பிலடெல்பியாவில் இதைவிடச் சுவையான ஒரு கதை. அந்நகர மன்றக் கட்டடத்தின் உச்சியில், 548 அடி உயரத்தில், நகரை நிறுவிய வில்லியம் பென்னின் சிலை நிற்கிறது. அவருடைய தொப்பியைவிட உயரமாக யாரும் கட்டுவதில்லை என்பது எழுதப்படாத ஒப்பந்தமாக இருந்து வந்தது. எந்தச் சட்டப் புத்தகத்திலும் அது இல்லை. ஆனாலும் நின்றது. 1987ல் ஒரு வணிகக் கோபுரம் அதைத் தாண்டி எழுந்தபோது ஒப்பந்தம் முடிவுக்கு வந்தது.

இவற்றைப் படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. உயரக் கட்டடங்களின் தாயகம் என்று நாம் நினைக்கும் நாட்டில், ஊரின் வான்கோடு எப்படி இருக்க வேண்டும் என்பதை ஊரார் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். அதைத் தனியொருவரின் நிலமாக அவர்கள் கருதவில்லை. பொதுவில் பேசித் தீர்மானிக்க வேண்டிய ஒன்றாகக் கருதியிருக்கிறார்கள். நம்மிடம் இப்படி ஏதாவது இருக்கிறதா என்று யோசித்தால், மதுரை நினைவுக்கு வருகிறது. மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் ஒன்பது மீட்டருக்கு மேல் கட்டடம் எழக்கூடாது என்று அரசாணை உண்டு. அதை மீறிய கட்டடங்களைப் பற்றி வழக்குகளும் உண்டு. ஆனால் அது கோயிலுக்கான ஏற்பாடு. கோபுரத்துக்கு ஓர் அரசாணை இருக்கிறது. மலைக்கு?

*

அயோத்தியாப்பட்டணம் சேலத்துக்குக் கிழக்கே ஆத்தூர் சாலையில் இருக்கும் பேரூர். அரூர் சாலை பிரியும் இடம். இலங்கையிலிருந்து திரும்பும் வழியில் இராமன் இங்கே தங்கிப் பட்டாபிஷேகக் கோலம் காட்டினான் என்பது கோதண்டராமர் கோயிலின் தலபுராணம். ஊருக்குப் பெயர் வந்த கதையும் அதுவே. பெயரில் பட்டணம் இருந்தாலும் பட்டணத்தின் உயரம் எதுவும் எங்களிடம் கிடையாது. எங்கள் வான்கோடு முழுவதும் மலைகளுடையது. வடக்கிலும் வடமேற்கிலும் சேர்வராயன் மலைத்தொடர். தெற்கே ஜருகுமலை. கிழக்கே வாழப்பாடிப் பக்கம் கோதுமலை. மேற்கே நகரத்தைத் தாண்டிக் கஞ்சமலை. இவற்றுக்கு நடுவே ஒரு தாம்பாளம்போல எங்கள் சமவெளி.

சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 அடி. சேர்வராயனின் உச்சி 5,300 அடிக்கு மேல். உலகின் மிக உயரமான கட்டடமான துபாயின் புர்ஜ் கலிஃபா 2,717 அடி. அதைப் பெயர்த்துக் கொண்டுவந்து குப்பனூர் அடிவாரத்தில் நிறுத்தினாலும் அது ஏற்காட்டை எட்டாது. பாதி மலையில் நின்றுவிடும். எங்கள் ஊரில் பாலுக்குப் போகிறவரும் பேருந்துக்கு நிற்கிறவரும் அன்றாடம் அண்ணாந்து பார்ப்பது இந்த உயரத்தைத்தான். பார்க்கிறோம் என்ற நினைவே இல்லாமல் பார்க்கிறோம்.

என் ஆயாவுக்கு எழுத்து தெரியாது. ஆனால் மலையைப் படிப்பார். சேர்வராயன் முக்காடு போட்டால் அன்று இரவுக்குள் மழை என்பார். முக்காடு என்பது உச்சியை மூடும் மேகம். மலை பக்கத்தில் வந்து நிற்கிற மாதிரி துல்லியமாகத் தெரிந்தால், மறுநாள் காய வைக்க வேண்டியதை இன்றைக்கே காய வைத்துக்கொள் என்பார். திசை சொல்வதும் மலையை வைத்துத்தான். ‘மலைப்பக்கம்’ என்றால் வடக்கு. எங்கள் தெருவில் இன்றும் வயதானவர்கள் “மலைப்பக்கத்து வீடு” என்றுதான் சொல்கிறார்கள். அந்த வீட்டிலிருந்து இப்போது மலை தெரிவதில்லை என்பது வேறு விஷயம்.

*

மனிதர்கள் எழுப்பிய உயரங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். மலைகளை மட்டும் வணங்கிக்கொண்டிருந்தவர்கள் அல்லர் நாம். முல்லைப்பாட்டின் தலைவி ஏழு நிலை மாடமொன்றில் இருந்துகொண்டுதான் கணவனின் வருகைக்குக் காத்திருக்கிறாள். தஞ்சைப் பெரிய கோயிலின் விமானம் 216 அடி என்பார்கள். இராசராசன் அதை 1010ல் முடித்தான். தமிழில் உயிர்மெய்யெழுத்துகள் 216 என்பதால்தான் இந்த உயரம் என்று ஒரு செய்தி கைபேசிகளில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. மாணவர்கள் ஆண்டுதோறும் உற்சாகத்தோடு கேட்பார்கள். நான் ஒன்றை மட்டும் திருப்பிக் கேட்பேன்: அடி என்ற இந்த ஆங்கில அளவு இராசராசனின் தச்சர்களுக்கு எப்படித் தெரிந்தது? அவர்கள் முழக்கோலால் அளந்தவர்கள். எழுத்துகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப உயரம் வைப்பது நம் காலத்து எண்ணம். கன்னியாகுமரியில் 2000ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் திறக்கப்பட்ட வள்ளுவர் சிலை பீடத்தோடு சேர்த்து 133 அடி. அங்கே அதிகாரங்களின் எண்ணிக்கைக்காகவே அந்த உயரம் தேர்ந்தெடுக்கப்பட்டது. அதை நாம் செய்துவிட்டு, முன்னோரும் அப்படித்தான் செய்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்கிறோம்.

சோழர் காலத்துப் பெரும் விமானங்களுக்குப் பிறகு ஒரு மாற்றம் நடந்தது. கருவறைக்கு மேலிருந்த உயரம் மெல்ல நகர்ந்து வாசலுக்கு வந்துவிட்டது. விமானம் சிறுத்துக் கோபுரம் வளர்ந்தது. அந்த மரபின் உச்சம் திருவரங்கத்தின் இராசகோபுரம். பல நூற்றாண்டுகள் மொட்டைக் கோபுரமாகவே நின்று, 1987ல்தான் பதின்மூன்று நிலைகளோடு 236 அடியாக நிறைவு பெற்றது. வாசலுக்கு உயரம் வந்ததன் விளைவு ஒன்று உண்டு. உள்ளே இருக்கும் விமானத்தைப் பார்க்க உள்ளே போக வேண்டும். கோபுரத்தைப் பார்க்க வயலில் நின்றால் போதும். கோபுர தரிசனம் கோடி புண்ணியம் என்ற பழமொழி யாருடைய வாயில் பிறந்திருக்கும் என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு. மதுரைக் கோயிலுக்குள் ஒடுக்கப்பட்டோர் நுழைந்தது 1939ல். அதுவரை உள்ளே விடப்படாதவர்களுக்கும் கோபுரத்தின் காட்சியை மட்டும் யாராலும் மறைக்க முடியவில்லை. உயரத்தில் இருப்பது எல்லாருக்கும் தெரிந்துவிடுகிறது. உயரத்துக்கு உள்ள ஒரே சனநாயகம் அதுதான்.

இருபதாம் நூற்றாண்டில் உயரம் கடவுளிடமிருந்து காப்பீட்டுக்குப் போனது. கேலியாகச் சொல்லவில்லை. உலகின் முதல் வானளாவி என்று பலரும் குறிப்பிடும் சிகாகோக் கட்டடம் 1885ல் எழுந்தது. அது ஒரு காப்பீட்டு நிறுவனத்துடையது. பத்து மாடி. 1931ல் இடித்தும்விட்டார்கள். நம் சென்னையிலும் அப்படியே. அண்ணா சாலையில் 1959ல் திறக்கப்பட்ட எல்.ஐ.சி. கட்டடம் 177 அடி. சில ஆண்டுகள் இந்தியாவின் மிக உயரமான கட்டடம் என்ற பெயரோடு இருந்தது. கிராமத்திலிருந்து பட்டணத்துக்கு வரும் கதாநாயகன் அதை அண்ணாந்து பார்க்காத பழைய தமிழ்ப் படம் குறைவு. மரணத்துக்குப் பிறகு என்ன என்ற கேள்விக்குக் கோயில் ஒரு பதில் சொன்னது, காப்பீட்டு நிறுவனம் வேறொரு பதில் சொன்னது. இரண்டும் உயரமாகக் கட்டின.

எங்கள் சாலையில் இப்போது உயரம் மறுபடியும் கடவுளிடம் திரும்பியிருக்கிறது. ஆத்தூருக்குப் போகும் வழியில் புத்திரகவுண்டன்பாளையத்தில் முத்துமலை முருகன் 146 அடியில் நிற்கிறார். 2022 ஏப்ரலில் குடமுழுக்கு. மலேசியாவின் பத்துமலையில் 2006ல் திறக்கப்பட்ட முருகன் சிலை 140 அடி. இரண்டையும் செய்தவர் திருவாரூர் தியாகராஜன் ஸ்தபதியே. கடல் கடந்து போன தமிழர்கள் அங்கே எழுப்பிய உருவம், ஆறடி கூடுதலாக வளர்ந்து ஊர் திரும்பியிருக்கிறது. பேருந்தில் போகும்போது வெகுதொலைவிலேயே தெரிகிறது. பயணிகள் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். குன்றுதோறும் இருக்கும் முருகனுக்கு இங்கே குன்றளவு உருவத்தைச் சமவெளியில் எழுப்பியிருக்கிறார்கள். பின்னால் உண்மையான மலைகள் இருக்கின்றன. படம் எடுப்பவர்கள் அவற்றை விட்டுவிட்டுத்தான் எடுக்கிறார்கள்.

*

சேலத்தின் வான்கோட்டைப் பற்றி எழுதும்போது இரும்பைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. வானளாவிகள் சாத்தியமானது இரண்டு பொருள்களால். ஒன்று பாதுகாப்பான லிஃப்ட். இன்னொன்று எஃகுச் சட்டகம். கல்லும் செங்கல்லும் சுமக்க முடியாத எடையை எஃகு சுமந்தது. எங்கள் கஞ்சமலை இரும்புத்தாது மலை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஜோசயா ஹீத் என்ற ஆங்கிலேயர் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கியபோது சேலத்துத் தாதைத்தான் நம்பினார். பின்னர் கஞ்சமலை அடிவாரத்தில் உருக்காலை வேண்டும் என்று தமிழகமே போராடியது. 1970ல் அடிக்கல் நாட்டி, எண்பதுகளின் தொடக்கத்தில் ஆலை ஓடத் தொடங்கியது.

ஆனால் அந்த ஆலையில் உருவானது கட்டடம் தாங்கும் தூண் அல்ல, துருப்பிடிக்காத தகடு. அது சமையலறைப் பாத்திரமாக ஆனது. நாணயத்துக்கான வட்டத் தகடுகளாகவும் ஆகிச் சட்டைப்பைக்குள் போனது. இரும்பு மலையின் காலடியில் இருந்துகொண்டு இரும்பை வானத்துக்கு அனுப்பாமல் அடுப்படிக்கு அனுப்பிய ஊர் எங்களுடையது. எனக்கு இதில் ஒரு சிறு பெருமையும் உண்டு.

நகரத்துக்குள் மக்களை உயர்த்தியது கட்டடமல்ல, பாலம். ஐந்து ரோட்டில் 2020 ஜூனில் முழுமையாகத் திறக்கப்பட்ட ஈரடுக்கு மேம்பாலத்தில் முதன்முதலாகப் போனபோது பேருந்தில் ஓர் அமைதி நிலவியதைக் கவனித்தேன். சேலத்துக்காரர்கள் பலர் தம் ஊரின் கூரைகளை அன்றுதான் பார்த்தார்கள். கூரைகளுக்கு அப்பால் நாற்புறமும் மலைகள் இருப்பதையும் பார்த்தார்கள். கீழே கடைப் பலகைகளுக்கு நடுவே நடந்து நடந்து அவை மறந்துபோயிருந்தன.

*

உண்மையில் இன்று எங்கள் ஊரின் வான்கோடு எப்படி இருக்கிறது? காலையில் மொட்டைமாடியில் நின்று பார்த்தால் முதலில் தெரிவது கறுப்புச் சின்டெக்ஸ் தொட்டிகள். பிறகு கைபேசிக் கோபுரங்கள். பிறகு ஒவ்வொரு வீட்டின் உச்சியிலும் தூண்களிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகள். இந்தக் கம்பிகளைப் பற்றி யாரும் எழுதியதாக எனக்கு நினைவில்லை. கையில் இருக்கும் பணத்துக்குக் கீழ்த்தளம் கட்டி முடித்தவர்கள், என்றாவது ஒருநாள் மகன் தலையெடுத்தால் மாடி எடுக்கலாம் என்று விட்டுவைத்த கம்பிகள் அவை. சிலவற்றின் நுனியில் தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். இருபது ஆண்டுகளாகத் துருவேறி நிற்கும் கம்பிகளும் உண்டு. திருவரங்கத்து மொட்டைக் கோபுரம் பல நூற்றாண்டுகள் காத்திருந்தது. எங்கள் தெருக்களில் வீட்டுக்கு வீடு ஒரு மொட்டைக் கோபுரம் காத்திருக்கிறது.

அந்தக் கம்பிகளைப் பார்த்துவிட்டு மாடி வீடு கட்டுகிறவர்களால் மலை மறைகிறது என்று புலம்ப எனக்கு வாய் வருவதில்லை. இந்த நாட்டில் உயரம் எப்போதும் எல்லாருக்கும் அனுமதிக்கப்பட்டதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் திருவிதாங்கூரில் இன்ன சாதியார் மாடி வைத்து வீடு கட்டக்கூடாது என்று தடையே இருந்தது. சட்டமாக இல்லாத இடங்களில் வழக்கமாக இருந்தது. யார் வீட்டுக் கூரை யார் வீட்டுக் கூரையைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும் என்பதை ஊர் கண்ணாலேயே அளந்துகொண்டிருந்தது. ‘ஊருக்கு ஒரு வரை வேண்டும்’ என்று நான் சொல்லும்போது அந்த வரையை யார் யாருக்காகக் கிழித்தார்கள் என்ற கேள்வியையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

மூன்று ஆண்டுகளுக்கு முன் எங்கள் துறையில் முதுகலை முடித்த மாணவி ஒருவர் தம் வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்கு அழைத்திருந்தார். அரூர் சாலையை ஒட்டிய சந்தில், எண்பதுகளில் அரசு கட்டிக்கொடுத்த தொகுப்பு வீடுகளில் ஒன்று அவர்களுடையது. அதை இடித்துவிட்டுக் கீழும் மேலுமாகக் கட்டியிருந்தார்கள். அந்தச் சந்தில் முதல் மாடி வீடு. அப்பா கொத்தனார். தம் வீட்டைத் தாமே கட்டியிருந்தார். சாப்பாடு முடிந்ததும் மாணவி என்னை மொட்டைமாடிக்கு அழைத்துப் போனார்.

“இங்கிருந்து பாத்தா மலை முழுசாத் தெரியுதுங்க ஐயா. கீழ இருந்தப்ப உச்சி மட்டுந்தான் தெரியும்.”

உண்மைதான். சேர்வராயன் அடிவாரத்திலிருந்து உச்சிவரை ஒரே வீச்சில் விரிந்து கிடந்தது. பின்னாலேயே வெற்றிலைத் தட்டோடு வந்த அவருடைய அப்பா சொன்னார்:

“முப்பது வருசமா அடுத்தவங்க மாடியில நின்னுதாங்க இதைப் பாத்துக்கிட்டிருந்தேன். வேலை முடிஞ்சா எறங்கிரணும். இப்ப எத்தனை நேரம் வேணும்னாலும் நிக்கலாங்க.”

உயரம் என்றால் என்ன என்பதற்கு நான் கேட்ட விளக்கங்களில் இதற்கு மேல் ஒன்றில்லை. சிகாகோக் கட்டடத்தைக் கட்டியவர்களுக்கும் இது தெரிந்திருக்குமா என்பது ஐயமே. மலை மறைகிறது என்று கீழே நின்று வருந்துகிறவர்களும், மலை தெரிகிறது என்று மேலே நின்று மகிழ்கிறவர்களும் ஒரே ஊரில்தான் இருக்கிறோம்.

*

இவ்வளவையும் எழுதத் தூண்டிய காரணத்துக்கு வருகிறேன். அந்தச் சந்துக்கு வடக்கே, அதாவது மலைப்பக்கம், எங்கள் குடும்பத்துக்குப் பதினெட்டு சென்ட் காலி நிலம் இருக்கிறது. அப்பா வாங்கிப் போட்டது. அண்ணன், நான், தங்கை மூவருக்கும் பொது. அடுக்ககம் கட்டும் ஒருவர் கூட்டுத் திட்டத்துக்குக் கேட்டிருக்கிறார். நிலம் எங்களுடையது, கட்டுவது அவர், வீடுகளில் பங்கு இருவருக்கும். கீழே வண்டி நிறுத்தம், மேலே ஐந்து தளம். தமிழ்நாட்டின் 2019 கட்டட விதிகளின்படி 18.30 மீட்டர்வரை உயர்மாடிக் கட்டடம் என்ற வகைக்குள் வராது. அதைத் தாண்டினால் கூடுதல் அனுமதிகள் வேண்டும். ஆகவே அந்த 18.30 மீட்டரை ஒரு சென்டிமீட்டர்கூட வீணாக்காமல் வரைபடம் போட்டுக் கொடுத்திருக்கிறார். எங்கள் ஊரின் புதிய வரை அது. எந்த மலையும் கிழிக்காத வரை.

விதிகளைப் படித்துப் பார்த்தேன். சாலை எவ்வளவு அகலம் இருக்க வேண்டும், பக்கவாட்டில் எவ்வளவு இடம் விட வேண்டும், மழைநீர் எங்கே இறங்க வேண்டும் என்றெல்லாம் கேட்கிறது. நல்ல விதிகள்தாம். பின்னால் இருப்பவருக்கு எது மறைகிறது என்ற கேள்வி அதில் இல்லை. மேடிசனில் அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் ஒரு சட்டமன்றக் குவிமாடத்துக்காகக் கேட்டார்கள். மதுரையில் கோபுரத்துக்காகக் கேட்டார்கள். ஒரு கொத்தனாரின் மொட்டைமாடிக்காகக் கேட்பதற்கு எந்த நகரத்திலும் அரசாணை இருக்காது. அதை நாம்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அண்ணனுக்குப் பணத்தேவை இருக்கிறது. அவருடைய மகளின் படிப்பு அடுத்த ஆண்டு தொடங்குகிறது. அந்தத் தேவை பொய்யல்ல. நான் சொன்ன யோசனை இதுதான்: ஐந்து தளத்தை மூன்றாக்கலாம். கட்டடத்தின் அகன்ற பக்கத்தைச் சாலைக்குக் காட்டாமல் திருப்பி, கிழக்குப் புறத்தில் ஒரு பட்டையைத் திறந்து விடலாம். எங்கள் பங்கில் இரண்டு வீடு குறையும். என் பங்கிலிருந்து அதைக் கழித்துக்கொள்ளச் சம்மதம் என்றேன்.

“மலை நம்ம பேர்ல பட்டா இல்லையேடா” என்றார் அண்ணன். கோபமாகச் சொல்லவில்லை. அவர் எதையும் கணக்காகப் பேசுகிறவர்.

“அவங்க பேர்லயும் இல்லைங்கண்ணா. யார் பேர்லயும் இல்லைங்கிறதாலதான் கேக்குறேன்” என்றேன்.

அவர் வரைபடத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். மூன்று தளம் என்றால் கட்டுகிறவர் ஒப்புக்கொள்வாரா என்று தெரியவில்லை. ஒப்புக்கொண்டாலும், பத்தாண்டு கழித்துப் பக்கத்து நிலத்துக்காரர் 18.30 மீட்டர் எழுப்பினால் நாங்கள் விட்டுக்கொடுத்தது வீண் என்று அண்ணன் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. தனியொரு குடும்பத்தின் நல்லெண்ணத்தால் ஓர் ஊரின் வான்கோட்டைக் காப்பாற்ற முடியாது. அதற்குப் பேரூராட்சியில் யாராவது எழுந்து, இந்தப் பக்கம் இவ்வளவுதான் என்று பேச வேண்டும். அப்படிப் பேசும்போது தொகுப்பு வீடுகளில் இருப்பவர்களும் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்தக் கூட்டத்தைக் கூட்டச் சொல்லி ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். எழுதிப் பழகியவன் செய்யக்கூடியது அது ஒன்றுதான்.

தங்கை இதுவரை எதுவும் சொல்லாமல் இருந்தாள். நேற்று ஆத்தூரிலிருந்து அழைத்தாள். வரும் ஞாயிற்றுக்கிழமை மூவரும் அந்தக் கொத்தனார் வீட்டு மொட்டைமாடியில் ஏறி நின்று ஒருமுறை பார்த்துவிடுவோம், கையெழுத்தைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம் என்றாள். அண்ணனும் வருகிறேன் என்றிருக்கிறார்.